புறம்போக்கில் மூன்று புள்ளிகள்

எழுந்து போகக் கூடாது. அடிவயிறு முட்டிக்கொண்டு நிற்கிறது, இரண்டு டீ, அந்த இரண்டாவது டீயைத் தொட்டிருக்க வேண்டாம், எழுபத்துநாலு வயதில் கூட்டத்துக்கு வருகிறவனுக்கு ஒரு டீயோடு நிறுத்தத் தெரிய வேண்டும், ஆனால் எழுந்து போகக் கூடாது. கழிப்பறை வராந்தாவின் கடைசியில் இருக்கிறது. என் முட்டிக்குப் போக நாலு நிமிஷம், வர நாலு நிமிஷம், உள்ளே நின்று காத்திருப்பது தனி, அது என் கையில் இல்லை. அதற்குள் இவர்கள் ஒரு வட்டத்தை முடித்துவிடுவார்கள். ஒரு வட்டத்துக்கு ஆறு நிமிஷம்தான் ஆகிறது, பார்த்துக்கொண்டுதானே இருக்கிறேன். சுவர் முழுக்கப் படம். கறுப்புப் பின்னணியில் பொட்டுப் பொட்டாகப் புள்ளிகள், புள்ளிகளுக்கு நடுவே சிலந்தி எச்சில் மாதிரிக் கோடுகள். நூலகர் பாரிஜாதம் தொடக்கத்திலேயே சொல்லிவிட்டாள். ஒரு புள்ளி ஓர் ஆய்வாளர். ஒருவர் கட்டுரையை இன்னொருவர் தன் கட்டுரையில் சுட்டினால் நடுவில் ஒரு கோடு. நிறையப் பேர் சுட்டினால் புள்ளி பெரிதாகும். அடிக்கடி ஒருவரையொருவர் சுட்டுகிறவர்கள் ஒன்றாகத் திரண்டு ஒரு வட்டம், வட்டத்துக்கு ஒரு நிறம், நிறம்தான் துறை. நாற்பது வருஷத்து வேளாண் ஆராய்ச்சி மொத்தமும் ஒரே பார்வையில் தெரிகிறது என்றாள். எனக்குத் தெரிவது அம்மை போட்ட முதுகு. இயக்குநர் குமார் அதன் மேல் சிவப்பு விளக்கை ஆட்டி ஆட்டிக் காட்டுகிறார். மூன்று புள்ளிகளாவது இருக்கிற வட்டம் துறை. மூன்றுக்குக் குறைந்தால் துறை இல்லை, அந்தப் பிரிவை மூடிவிடலாம். இது விதி. யார் போட்ட விதி என்று முதல் ஐந்து நிமிஷத்திலேயே கேட்டேன். "மேலிடத்து வழிகாட்டுதல் சார்" என்றார். மேலிடம் என்றால் மொட்டைமாடியா என்ற கேள்வி வாய் வரை வந்தது. அடக்கிக்கொண்டேன். எல்லாவற்றையும் அடக்கிக்கொண்டுதான் உட்கார்ந்திருக்கிறேன்.

மேஜையைச் சுற்றி ஏழு பேர். ஏழு கையெழுத்தும் விழுந்தால்தான் காகிதம் மேலே போகும். ஓய்வு பெற்றுப் பதினாலு வருஷம் ஆன என்னைக் கார் அனுப்பிக் கூட்டி வந்தது ஏழாவது கையெழுத்துக்குத்தான், அறிவுக்கு இல்லை, அது எனக்குத் தெரியாததா. வந்ததற்குக் காரணம் வேறு. சகாயமேரி. நான் உண்டாக்கின நூற்புழுப் பிரிவில் இப்போது மிச்சம் இருப்பது அவள் ஒருத்தி, அவளும் நூற்றுப்பத்துத் தொட்டிகளும். தொட்டிக்கு ஒரு தக்காளிச் செடி, செடி வேரில் கண்ணுக்குத் தெரியாத புழு. நூல் மாதிரிப் புழு, அதனால் நூற்புழு. வயலில் வேர் தின்கிற மற்ற நூற்புழுவெல்லாம் உப்பு மண்ணில் சுருண்டு செத்துப்போகும், எங்கள் புழு சாகாது. கடற்கரைக் களர் நிலத்தில் நான் தோண்டி எடுத்தது, முப்பத்தெட்டு வருஷமாகச் செடி மாற்றிச் செடி, உப்புத் தண்ணீர் ஊற்றி ஊற்றி, ஒரு நாள் தவறாமல். கடல் உள்ளே ஏறிக்கொண்டு வருகிறது, நாளைக்கு வயலெல்லாம் உப்பாகும்போது வேரைத் தின்னப்போகிற புழு இதுதான், இதற்கு மருந்து கண்டுபிடிக்க வேண்டுமானால் இது உயிரோடு இருக்க வேண்டும். பிரிவை மூடினால் தொட்டிகளைக் கொட்டிவிடுவார்கள். சகாயமேரியை மாவட்டத்து மண் பரிசோதனை நிலையத்துக்கு அனுப்புவார்கள். காலையில் வராந்தாவில் நிறுத்தினாள். கையில் பூவாளி. "சார், நாம பொழச்சோம். பாரிஜாதம் அக்கா சொன்னாங்க. நம்ம வட்டத்துல மூணு புள்ளி இருக்காம்." மூன்றா என்றேன். "ஆமா சார், நீங்க ஒண்ணு. உங்க பேரு மாதிரியே இன்னொருத்தர். அப்புறம் கே. சடையாண்டின்னு ஒருத்தர். யாரு சார் அவரு? அவரு பேரச் சொல்லி நீங்க ஒருநாளும் பேசுனதில்லையே." கண்ணாடியைத் துடைத்தேன். துடைக்க வேண்டியிருக்கவில்லை. அவளையும் சேர்த்தால் நாலு ஆகாதோ என்று மட்டும் கேட்டேன். "என்னையத் தக்காளி வட்டத்துல போட்டுட்டாங்க சார்" என்று சிரித்தாள். கட்டுரைத் தலைப்பில் தக்காளி என்று எழுதினாளாம், படம் அவளைப் பிடுங்கிக் கொண்டுபோய்த் தக்காளித் தோட்டத்தில் நட்டுவிட்டது.

சடையாண்டி என் அப்பா. எட்டணாக் காகிதத்தில்கூட ஒரு வரி எழுதாதவர். சர்வே இலாகாவில் செயின்மேன். அறுபத்தாறு அடிச் சங்கிலி, நூறு கண்ணி, சர்வேயர் நிழலில் நிற்க இவர் வெயிலில் இழுத்துக்கொண்டு போவார், சேறு, முள், பாம்புப் புற்று, கல்லறை, எதுவானாலும் கோடு நேராகப் போக வேண்டும், கோட்டோடு இவரும் போக வேண்டும். முப்பது வருஷம். மூன்று தாலுகாப் படம் அவர் காலால் அளந்தது. படத்தின் கீழ் மூலையில் அளந்தவர் என்று ஒரு கையெழுத்து இருக்கும், சரிபார்த்தவர் என்று ஒன்று இருக்கும், சங்கிலி பிடித்தவருக்கு இடம் கிடையாது. அந்த மனிதர் இன்று அறிவியல் படத்தில் ஒரு புள்ளி. என்னை விடப் பெரிய புள்ளி. நான் செய்த வேலை அது. வெளிநாட்டுப் பத்திரிகைக்கு முதல் கட்டுரை அனுப்பினபோது விண்ணப்பத்தில் குடும்பப் பெயர் என்று ஒரு கட்டம். நமக்கு ஏது குடும்பப் பெயர். இருப்பது ஒரு பெயர், முன்னால் அப்பாவின் முதலெழுத்து. கட்டத்தைக் காலியாக விட்டால் கட்டுரை திரும்பி வந்துவிடுமோ என்று அப்பா பெயரை எழுதினேன். பத்திரிகைக்காரன் அதையே ஆசிரியர் பெயராக்கி, என் பெயரை ஒற்றை எழுத்தாக நறுக்கி அச்சடித்துவிட்டான். கே. சடையாண்டி. அதற்குப் பிறகு அந்தப் பத்திரிகையில் வந்த ஒன்பது கட்டுரையும் அதே பெயரில். இங்கே வந்ததெல்லாம் எஸ். கார்மேகம். மூன்றாவது புள்ளி டைப்பிஸ்ட் ஞானசெல்வம் பெற்றெடுத்தது. "மேகத்துக்கு ஒரு ஹெச் போட்டாத்தான் சார் வெயிட்டு" என்று என்னைக் கேட்காமலே நாலு வருஷம் ஒரு ஹெச்சைச் செருகி அனுப்பிக்கொண்டிருந்தான். கார்மேஹம். அந்த ஹெச் இன்று ஒரு விஞ்ஞானி. ஆக மூன்று பேர். நான், என் அப்பா, ஞானசெல்வத்தின் ஹெச். எனக்கு முதல் பிரதி வந்தபோது அப்பா உயிரோடு இருந்தார், வெற்றிலை மென்றுகொண்டிருந்தார், விரல் வைத்து இதுதான் உங்க பேரு என்று காட்டினேன். சந்தோஷப்படுவார் என்று நினைத்தேன். மென்றதை நிறுத்தி ஒரு நிமிஷம் பார்த்தார். "தப்பாப் போட்டுட்டான்" என்றார். "திருத்தச் சொல்லு." நான் திருத்தச் சொல்லவில்லை. சோம்பல் என்று வைத்துக்கொள்ளலாம். வைத்துக்கொள்ளட்டும்.

ஏசி கழுத்தில் அடிக்கிறது. குளிர்ந்தால் இன்னும் முட்டும், இந்த உடம்புக்கு அது ஒரு சாக்கு. காலை மாற்றிப் போட்டுக்கொள்கிறேன். கேள்விக்கு இடம் இல்லை. வாயை மூடிக்கொண்டு இருந்தால் போதும், எங்கள் வட்டம் தானாகத் தப்பிக்கும். பொய் சொல்ல வேண்டாம். பொய்யைப் படம் சொல்கிறது, நான் சும்மா இருந்தால் போதும். சும்மா இருப்பதில் என்ன தப்பு, நாற்பது வருஷம் உத்தியோகம் பார்த்த எவன் சும்மா இருக்கவில்லை. இப்போது கேழ்வரகு. சுவரில் பழுப்பு வட்டம், ஓரத்தில், இரண்டு புள்ளி. தவமணி என் எதிரே உட்கார்ந்திருக்கிறாள், ஐம்பத்தைந்து இருக்கும், கேழ்வரகுக் குலைநோயைத் தவிர வேறு பேச்சுத் தெரியாது அவளுக்கு, அவளும் பக்கத்து அறை ஆறுமுகநயினாரும் இருபது வருஷமாக மலையேறி மலையேறி நோய் பிடித்த கதிரைப் பறித்து வருகிறார்கள். குமார் விளக்கை ஆட்டுகிறார். "ரெண்டுதான் மேடம்." தவமணி படத்தைப் பார்க்கிறாள், குமாரைப் பார்க்கிறாள். "ரெண்டு பேரும் முழு நேரமும் இதுலதான் சார் இருக்கோம்." "தெரியும் மேடம். நான் சொல்லல, படம் சொல்லுது." "சரி சார்" என்று பேனாவை மூடுகிறாள். டிக். அவ்வளவுதான். அந்தச் சின்னச் சத்தம் என் பல்லில் மாட்டிக்கொண்டது. இரண்டு பேர், சதையும் ரத்தமுமாக, மலை ஏறின இரண்டு பேர், அவர்கள் போய்விட்டார்கள். நான் ஒருத்தன், என் செத்த அப்பா, ஒரு எழுத்து, நாங்கள் இருக்கிறோம். டிக். அவள் மேல் எனக்குக் கோபம் வருகிறது. சரி சார் என்று ஏன் சொன்னாள். என் மேல் வர வேண்டிய கோபம், தெரியும், வழியில் அவள் இருந்தாள்.

அப்பாவும் வாழ்நாள் முழுக்கச் சொன்னது இதே சரி சார்தான். அப்பா ஒரு நாள் சோற்றுத் தட்டில் கை வைத்தபடி சொன்னார். கடற்கரைப் பக்கம் ஒரு பெரிய களர், நடுவே கருவேலங்காடு, சர்வேயர் உள்ளே போகவில்லை. கரையிலேயே குடையைப் பிடித்து நின்றுகொண்டு தரிசு, புறம்போக்கு என்று எழுதிப் படத்தை மூடிவிட்டார். "உள்ள ஒரு ஊத்து இருக்கு. நல்ல தண்ணி. நாலு வீட்டு ஆளுக எடுக்கிறாக. படத்துல இல்ல." நீங்க சொல்ல வேண்டியதுதானே என்று கேட்டேன், எனக்கு அப்போது பதினாறு வயது, எல்லாம் தெரியும். "சங்கிலி புடிக்கிறவன் பேசக் கூடாது" என்று சோற்றைப் பிசைந்தார். மோர் வேண்டும் என்று அம்மாவிடம் கேட்டார், அதோடு பேச்சு முடிந்தது. பிறகு அந்தப் புறம்போக்கு என்று எழுதின இடத்துக்குத்தான் மண்வெட்டியோடு போனேன், அங்கேதான் புழுவைக் கண்டேன், ஊற்றுக்கு இருபது அடி தள்ளி. அது ஒன்றும் அதிர்ஷ்டம் இல்லை. படத்தில் இல்லை என்பதால் யாரும் போயிருக்க மாட்டார்கள் என்று கணக்குப் போட்டுப் போனேன். வெள்ளையாக விட்ட இடமெல்லாம் ஒன்றும் இல்லாத இடம் இல்லை, எவனோ குடையோடு கரையில் நின்ற இடம். இதைச் சுவரில் இருக்கிற படத்துக்கு யார் சொல்வது. இதற்குள் எங்கள் வட்டம் வந்துவிட்டது. நீல நிறம். எல்லாவற்றுக்கும் வெளியே, ஓரத்துக்கும் ஓரத்தில், மூன்று புள்ளி, அடுப்புக்கல் மாதிரி. நடுவே தடித்த கோடுகள். குமார் முகம் மலர்கிறது. "இதப் பாருங்க. சின்ன வட்டம், ஆனா எவ்வளவு நெருக்கம். சடையாண்டி கார்மேகத்தச் சுட்டுறார், கார்மேகம் சடையாண்டியச் சுட்டுறார், இன்னொரு கார்மேகம் ரெண்டு பேரையும் சுட்டுறார். இதுதான் கூட்டுழைப்பு. மத்தவங்க கத்துக்கணும்." தவமணி தலையைக் குனிந்து தன் மூடின பேனாவைப் பார்க்கிறாள். எனக்குச் சிரிப்பு முட்டுகிறது, மற்றதும் முட்டுகிறது, சிரித்தால் இரண்டும் போய்விடும். தொடையை இறுக்கிக்கொள்கிறேன். சகாயமேரி இந்நேரம் எழுபதாவது தொட்டியில் இருப்பாள். ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்து நேரே வந்து ஊற்றுகிறவள். அவளுக்குப் பள்ளிக்கூடம் போகிற பெண் ஒன்று, மாவட்டத்துக்கு மாற்றினால் அந்தப் பெண்ணை எங்கே விடுவாள். வாயை மூடு கார்மேகம். நூற்றுப்பத்துத் தொட்டி. வாயை மூடு. சங்கிலி பிடிக்கிறவன் பேசக் கூடாது.

நான் சங்கிலி பிடிக்கிறவன் இல்லையே. அவர் மகன். படத்தை முழுதாகப் பார்க்கிறேன், கண்ணாடியை மூக்கில் ஏற்றி, முதல் முறையாக நடுவிலிருந்து. நடுவில் ஒரு புள்ளி இருக்கிறது, புள்ளி என்று சொல்லக் கூடாது, ஊத்தப்பம். அதன் மேல் எஸ். குமார் என்று எழுதியிருக்கிறது. நம் இயக்குநர். அவருடைய புள்ளியிலிருந்து கோடு போகாத வட்டம் இல்லை. நெல்லுக்குப் போகிறது, கரும்புக்குப் போகிறது, மீன் தீவனம், ஏரிப் பாசி, கோழி அம்மை, டிராக்டர் பல்சக்கரம். இந்த மனிதருக்குக் கரும்பு தெரியும், கரும்பில் செவ்வழுகல் நோய் தெரியும், நல்ல வேலை, மறுக்க மாட்டேன். கோழிக்கும் இவருக்கும் ஞாயிற்றுக்கிழமை மட்டும்தான் உறவு. எஸ். குமார். இந்த ஊர் பேருந்து நிலையத்தில் நின்று எஸ். குமார் என்று கூப்பிட்டால் பத்துப் பேர் திரும்புவார்கள், அதில் இரண்டு பேர் விஞ்ஞானியாகவும் இருப்பார்கள். ஒருவனை மூன்றாக்கின படம், முப்பது பேரை ஒருவனாக்கி நடுவீட்டில் உட்கார வைத்திருக்கிறது. அந்த ஊத்தப்பம் நடுவில் கனமாக உட்கார்ந்திருப்பதால்தான் மற்றதெல்லாம் அதைச் சுற்றி ஒதுங்குகிறது, கேழ்வரகு ஓரத்துக்குப் போகிறது, தவமணி பேனாவை மூடுகிறாள். பேசினால் எங்கள் வட்டம் போகும். பேசாவிட்டால் தவமணியின் வட்டம் போகும், அடுத்த வருஷம் இன்னொன்று போகும், அப்போதும் இந்தப் படத்தையே விரித்து வைப்பார்கள், நீலத்தில் மூன்று புள்ளியும் வாயை மூடிக்கொண்டிருக்கும். பயம் இருக்கிறது. என்னைப் பற்றி இல்லை, தொட்டியைப் பற்றி. இருக்கட்டும். பயத்தோடு பேசினால் வாய் வெந்துவிடாது.

"மூணும் நான்தான்" என்கிறேன். குமாருக்குக் கேட்கவில்லை, அல்லது கேட்டுப் புரியவில்லை. "என்ன சார்?" "நீலத்துல இருக்கிற மூணு புள்ளியும் நான்தான். ஒண்ணு எம் பேரு. ஒண்ணு டைப்பிஸ்ட் சேர்த்த எழுத்து. சடையாண்டி எங்கப்பா, சர்வேயில செயின்மேன், செத்து முப்பது வருஷம் ஆச்சு. கூட்டுழைப்பு இல்ல. நானே என்னைச் சுட்டிக்கிட்டேன்." யாரோ இருமுகிறார். குமார் விளக்கை அணைத்துவிட்டு மெதுவாகப் பேசுகிறார், பைத்தியக்காரனிடம் பேசுகிற மெதுவு. "அப்ப ஒரு புள்ளிதானே சார் ஆகுது. உங்க பிரிவும் போயிரும். யோசிச்சுத்தான் சொல்றீங்களா?" "யோசிச்சுட்டேன். இப்ப உங்க புள்ளியப் பிரிங்க." "என் புள்ளியவா?" "கோழி அம்மை எப்ப படிச்சீங்க, குமார்?" மேஜைக் கோடியில் மீன் தீவனக்காரர் சிரித்துவிட்டுத் தண்ணீர் குடிக்கிறார். குமார் திரும்பிப் படத்தைப் பார்க்கிறார், நிஜமாகவே இப்போதுதான் பார்க்கிறார், காதோரம் சிவக்கிறது. "அது ஏதோ தொழில்நுட்பக் கோளாறு, அப்புறம் பாத்துக்கலாம். பாரிஜாதம், அடுத்தது போடுங்க." பாரிஜாதம் அடுத்ததைப் போடவில்லை. இரண்டு வருஷம் ராத்திரி பகலாக இந்தப் படத்தைக் கட்டினவள் அவள், யாரும் அவளிடம் படம் சரியா என்று கேட்டதில்லை, அழகாக இருக்கிறதா என்றுதான் கேட்டிருப்பார்கள். "ஒரே பேரா இருந்தா ஊர் வாரியாப் பிரிக்கலாம் சார், ஒரே நிமிஷம்" என்று யாருக்கோ சொல்வதுபோல் சொல்லிவிட்டு விசைப்பலகையில் தட்டுகிறாள். "வேண்டாம்னேனே" என்கிறார் குமார். தட்டிவிட்டாள். நடுவில் இருந்த ஊத்தப்பம் ஒரு தரம் நடுங்குகிறது. பிறகு உடைகிறது. சத்தம் இல்லை, ஆனால் எனக்குக் கேட்டது. முப்பத்திரண்டு குமார்கள், கடுகு கடுகாக, ஒவ்வொருவனும் தன் தன் ஊருக்கு ஓடுகிறான். நடுவில் கனம் போனதும் வட்டங்கள் எல்லாம் அவிழ்ந்து மிதக்கின்றன, நெல் ஒரு பக்கம், மீன் ஒரு பக்கம், கரும்பு இரண்டாகக் கிழிகிறது, கேழ்வரகு ஓரத்திலிருந்து அசைந்து அசைந்து உள்ளே வருகிறது, கம்பும் தினையும் பக்கத்தில் வந்து ஒட்டிக்கொள்ள, எது வட்டம் எது துறை என்று சொல்ல முடியாத ஒரு புழுதி. இப்போதுதான் நாங்கள் வேலை செய்த இடம் மாதிரி இருக்கிறது. தவமணி பேனாவைத் திறந்துவிட்டாள். எழுத ஒன்றும் இல்லை, திறந்து வைத்திருக்கிறாள்.

"சார், உங்க மூணையும் சேர்க்கணும்" என்கிறாள் பாரிஜாதம், திரையிலிருந்து கண்ணை எடுக்காமல். "ஒரு பேருதான் வைக்க முடியும். எஸ். கார்மேகம்னு வச்சிரட்டுமா?" குமார் கைகளைக் கட்டிக்கொண்டு சுவரைப் பார்க்கிறார். தப்பாப் போட்டுட்டான், திருத்தச் சொல்லு. முப்பத்தேழு வருஷம் கழித்துத் திருத்தச் சொல்ல ஒருத்தி எதிரே உட்கார்ந்து கேட்கிறாள். "சடையாண்டின்னு வை." "சார், அப்ப உங்க பேரு படத்துலயே இருக்காது." "இருக்க வேண்டாம். அவரு இழுத்துக் குடுத்த படம் எதுலயும் அவரு பேரு இல்ல. இதுல இருக்கட்டும்." அவள் ஒரு கணம் என்னைப் பார்க்கிறாள், பிறகு தட்டுகிறாள். கார்மேகம் போனான். கார்மேஹம் போனான். வெகு தூரத்தில், மூலையில், சர்வேயர் கையெழுத்துப் போடுகிற இடத்தில், கே. சடையாண்டி. கையெழுத்துக்காக என் முன்னால் வைத்திருக்கிற காகிதத்தைக் குமார் பக்கம் தள்ளுகிறேன். "சார், கையெழுத்து" என்கிறார். "எந்தப் படத்துக்கு? காலையில போட்டதுக்கா, இப்ப இருக்கிறதுக்கா?" குமார் காகிதத்தைப் புரட்டுகிறார். "உள்ள போய் அளந்துட்டு வாங்க. ஒவ்வொரு பிரிவா, ஒவ்வொரு ஆளா. கரையில நின்னு எழுதுனதுல நான் போட மாட்டேன். மேலிடத்துக்கும் அப்படியே சொல்லுங்க." நாற்காலிக் கையைப் பிடித்து எழுகிறேன். முட்டி சொடுக்குகிறது. இனி எழுந்து போகலாம். இனி எவனும் என்னைப் பிடித்து உட்கார வைக்க முடியாது, உட்கார்ந்தால் நாற்காலி நனையும்.

வராந்தா நீளம். வெயில் கட்டம் கட்டமாக விழுந்து கிடக்கிறது, நூறு கண்ணி இருக்குமோ, நான் எண்ணவில்லை, எண்ணினால் நின்றுவிடுவேன். நடு வழியில் சகாயமேரி. காலிப் பூவாளி, புடவை ஓரத்தில் ஈரம். என் முகத்தில் எதையோ தேடுகிறாள். "என்னாச்சு சார்? மூணு புள்ளிக்கும் சரின்னுட்டாங்களா?" "மூணு இல்ல. ஒண்ணு." "ஒண்ணா?" அவள் கை பூவாளிப் பிடியை இறுக்குகிறது. "அப்ப கொட்டிருவாங்களா சார்?" "கையெழுத்துப் போடல. நான் போடுற வரைக்கும் எவனும் கொட்ட முடியாது." "எத்தன நாளைக்கு சார்?" "நான் சாகுற வரைக்கும். அவசரம் இல்ல. பாரிஜாதத்துக்கிட்டப் போயி உன்னையத் தக்காளியிலேர்ந்து எடுத்து எங்கப்பா பக்கத்துல போடச் சொல்லு. ரெண்டாகும். மூணாவது ஆளு நீ தேடு." அவளுக்குப் பாதி புரியவில்லை. "உங்கப்பாவா? சடையாண்டி உங்கப்பாவா சார்?" வழியை விடு பிள்ளை, என்னால் நிற்க முடியாது. "எத்தன தொட்டி ஆச்சு?" "எழுபத்திரெண்டு சார். கூட்டம் என்னாகுமோன்னு நிறுத்திட்டேன்." "எதுக்கு நிறுத்துன? போ. மிச்சத்துக்கும் ஊத்து. உப்பு குறையக் கூடாது."